மீன் தொட்டியும் கீரைப் பாத்தியும்: வீட்டிலேயே அக்வாபோனிக்ஸ் அமைக்க முழுமையான வழிகாட்டி

கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி, வேலந்தாவளம் என்று பாலக்காட்டின் கிழக்கு விளிம்பில் தமிழ் பேசி வாழும் நமக்குத் தண்ணீரின் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மேற்கே இடைவிடாமல் மழை கொட்டும் நாட்களிலும் இங்கே வானம் மேகத்தைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறது. 1970ஆம் ஆண்டின் பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு வழியாகச் சித்தூர்ப் புழைக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் தரப்பட வேண்டும். அந்தத் தண்ணீர் எட்டாத வீடுகளுக்கு ஆழ்துளைக் கிணற்று நீர்தான் கதி. அதுவோ உப்பும் சுண்ணாம்பும் கலந்த கடின நீர். இப்படிப்பட்ட மண்ணில், 500 லிட்டர் தண்ணீரைத் திரும்பத் திரும்பச் சுழலவிட்டு, ஒரு பக்கம் மீனும் மறுபக்கம் கீரையும் தக்காளியும் எடுக்கும் அக்வாபோனிக்ஸ் முறையைப் புதிதாகத் தொடங்குபவருக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். ஐந்தாண்டுகளாக என் வீட்டுப் பின்புறத்தில் இது ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் தொகுதி மீன்கள் முழுவதையும் இழந்த பிறகே நான் இதைச் சரியாகக் கற்றேன் என்பதால், எங்கே நிதானிக்க வேண்டுமோ அங்கே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

தண்ணீருக்குள் என்ன நடக்கிறது

மீன் தின்னும் தீவனத்தில் உள்ள புரதத்தின் ஒரு பகுதி, அம்மோனியாவாக மாறிப் பெரும்பாலும் செவுள் வழியே தண்ணீரில் கலக்கிறது. இந்த அம்மோனியா மீனுக்கு நஞ்சு. மண்ணுக்குப் பதிலாகப் பாத்தியில் நிரப்பும் ஜல்லியின் மேற்பரப்பில் குடியேறும் நைட்ரசோமோனாஸ் போன்ற நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன, நைட்ரைட்டும் நஞ்சுதான். நைட்ரோபாக்டர், நைட்ரோஸ்பைரா ஆகியவை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட்டை மீன் பெருமளவு தாங்கிக்கொள்ளும், செடியோ அதை விரும்பி உறிஞ்சும். செடி உறிஞ்சிய பின் தெளிந்த நீர் மறுபடி மீன் தொட்டிக்கே திரும்புகிறது.

ஆகவே நாம் வளர்ப்பது மீன், செடி என்ற இரண்டை மட்டும் என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரே மூன்றாவது பயிர். உண்மையில் அதுதான் முதல் பயிர். இந்த மூன்றையும் ஒன்றாகக் கட்டி வைப்பது தீவனம். ஒரு நாளைக்கு எத்தனை கிராம் தீவனம் போடுகிறோமோ, அத்தனைக்குத்தான் செடி வளரும். பாத்தி தாங்கும் அளவுக்கு மேல் போட்டால் தண்ணீர் கெடும். உலக உணவு வேளாண்மை அமைப்பு சிறு அமைப்புகளுக்குத் தரும் கணக்கு, கீரை வகைகளுக்கு ஒரு சதுர மீட்டர் பாத்திக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் தீவனம், காய்க்கும் செடிகளுக்கு 50 முதல் 80 கிராம் என்பதாகும். கீழே நான் சொல்லும் அளவுகள் யாவும் இந்தக் கணக்கிலிருந்தே பிறந்தவை.

இடமும் தொட்டியும்

காலை வெயில் நான்கைந்து மணி நேரம் விழுந்து, பிற்பகல் வெயில் மறையும் இடமே சிறந்தது. வீட்டின் கிழக்குப் பக்கம் பொருத்தமாக இருக்கும். தென்னை மரத்தடி நிழலாகத்தான் இருக்கும், ஆனால் மட்டையும் தேங்காயும் தொட்டியில் விழும் ஆபத்தை நினைத்து அதைத் தவிர்ப்பது நல்லது. மொட்டை மாடியில் அமைக்க நினைப்பவர்கள் எடையைக் கணக்கிட வேண்டும். 500 லிட்டர் தண்ணீர் மட்டுமே 500 கிலோ, நீரும் ஜல்லியும் சேர்ந்த ஒவ்வொரு பாத்தியும் ஏறத்தாழ 180 கிலோ. கட்டடம் கட்டிய பொறியாளரைக் கேட்காமல் மாடியில் ஏற்ற வேண்டாம்.

மீன்களுக்கு 500 லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி ஒன்று போதும். மேல்பகுதியை அகலமாக வெட்டித் திறந்துகொள்ளுங்கள். கறுப்புத் தொட்டி வெயிலில் கொதிக்கும் என்பதால் வெள்ளை நிறத்தில் வாங்குங்கள். நம் பகுதிக்கு நான் வலியுறுத்திச் சொல்வது, தொட்டியை இரண்டடி ஆழம் மண்ணில் புதைப்பது. பங்குனி, சித்திரையில் பாலக்காட்டு வெயில் 40 பாகை செல்சியஸைத் தொடும்போது, மண்ணில் புதைந்த தொட்டியின் நீர் அவ்வளவு எளிதில் சூடேறாது. தொட்டியின் விளிம்பு தரைக்கு மேல் ஓரடியாவது நிற்க வேண்டும்; இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் முற்றத்துத் தண்ணீர் உள்ளே பாயும்.

பாத்திகளுக்கு 200 லிட்டர் நீல நிற டிரம் இரண்டு வாங்கி, நீளவாக்கில் அறுத்தால் நான்கு தொட்டில்கள் கிடைக்கும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஓரடி ஆழமும் அரைச் சதுர மீட்டர் பரப்பும் கொண்டதாக இருக்கும். மூன்றைப் பாத்திகளாக வைத்துக்கொண்டு, நான்காவதை, மீனுக்குத் தீனியாகும் அசோலா என்ற மிதக்கும் நீர்த்தாவரத்தை வளர்க்க ஒதுக்குங்கள். டிரம்மில் முன்பு என்ன இருந்தது என்று விற்பவரிடம் கட்டாயம் கேளுங்கள். பூச்சி மருந்தோ ரசாயனமோ இருந்த டிரம்மை எத்தனை முறை கழுவினாலும் இந்த வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. பழச்சாறு, எண்ணெய், வினிகர் போன்ற உணவுப் பொருள் வந்த டிரம் என்றால் சோப்பில்லாமல் வெந்நீரில் கழுவி வெயிலில் காயவைத்தால் போதும்.

ஜல்லி

முக்கால் அங்குலக் கருங்கல் ஜல்லிதான் மிக மலிவான, நம்பகமான ஊடகம். மூன்று பாத்திகளுக்குச் சுமார் 10 கன அடி வேண்டும். கடைகளில் கிடைக்கும் களிமண் உருண்டைகள் எடை குறைந்தவை, கைக்கும் மென்மையானவை; ஆனால் தொடக்கத்திலேயே அவ்வளவு செலவு செய்யத் தேவையில்லை என்பது என் கருத்து.

ஜல்லி வாங்குவதில் நம் பக்கத்துக்கே உரிய கவனம் ஒன்று உண்டு. வாளையாரிலும் மதுக்கரையிலும் சுண்ணாம்புப் பாறைகள் உள்ளன. சுண்ணாம்புக் கல் கலந்த ஜல்லி, தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவை மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டே போகும். ஒரு கைப்பிடி ஜல்லியைக் கண்ணாடித் தம்ளரில் போட்டு வினிகர் ஊற்றிப் பாருங்கள். கல்லின் மேல் நுண்ணிய குமிழிகள் எழுந்து சீறினால் அது சுண்ணாம்புக் கல், வேண்டாம். ஒன்றும் நடக்காமல் கல் அமைதியாகக் கிடந்தால் வாங்கலாம்.

வாங்கிய ஜல்லியைக் கழுவுவதுதான் இந்த முழு வேலையிலும் உடம்பை வாட்டும் பகுதி. சிமென்ட் சட்டியில் அரைச் சட்டி வீதம் போட்டு, கையால் அலசி, சாம்பல் நிறக் கல்மாவு வருவது நிற்கும்வரை ஏழெட்டு முறை தண்ணீர் மாற்ற வேண்டும். கழுவாமல் போட்டால் அந்த மாவு மோட்டாரை அடைக்கும், மீனின் செவுளிலும் படியும். கழுவிய நீரைத் தென்னைக்கு விட்டுவிடலாம்.

பாத்தியும் குழாயும்

ஹாலோ பிளாக் கற்களை அடுக்கி, தொட்டியின் விளிம்பைவிட உயரமாகப் பாத்திகளை வையுங்கள். தரைக்கு மேல் இரண்டடி இருந்தால் முதுகு வளையாமல் வேலை செய்யலாம். பாத்தி உருளாதபடி இருபுறமும் கட்டையோ கல்லோ அண்டை கொடுக்க வேண்டும்.

ஒவ்வொரு பாத்தியின் அடியிலும் துளையிட்டு, ரப்பர் வளையத்துடன் ஓர் அங்குல டேங்க் நிப்பிள் பொருத்துங்கள். அதன் உட்பக்கத்தில் 22 சென்டிமீட்டர் உயரமுள்ள ஓர் அங்குல பி.வி.சி. குழாயை நிமிர்த்தி நிறுத்துங்கள். பாத்தியில் தண்ணீர் இந்த உயரத்துக்கு மேல் ஏறாமல் வழிந்து, கீழேயுள்ள குழாய் வழியே மீன் தொட்டிக்குத் திரும்பும். அந்தக் குழாயின் அடிப்பகுதியில் 6 மில்லிமீட்டர் துளைகள் இரண்டு இடுங்கள். மோட்டார் நின்றதும் பாத்தியில் நிற்கும் நீர் அந்தத் துளைகள் வழியே கால் மணி நேரத்தில் வடிந்துவிடும். தண்ணீர் ஏறும்போது ஜல்லி இடுக்கிலுள்ள பழைய காற்று வெளியேறுகிறது. வடியும்போது புதுக் காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. வேருக்கும் நுண்ணுயிருக்கும் மூச்சு இப்படித்தான் கிடைக்கிறது. நிமிர்ந்த குழாயைச் சுற்றி, பக்கவாட்டில் கீறல் போட்ட நான்கு அங்குலக் குழாயை உறைபோல் வைத்தால் ஜல்லி துளைகளை அடைக்காது. அடைத்தாலும் கைவிட்டுச் சுத்தம் செய்யலாம்.

இதற்குப் பதிலாக, தானாகவே நிறைந்து தானாகவே வடியும் மணி வடிவ சைஃபனைப் பலர் பரிந்துரைப்பார்கள். அது அழகான ஏற்பாடுதான். ஆனால் தண்ணீர் வரத்துச் சற்றுக் குறைந்தாலும் அது இயங்காமல் சொட்டிக்கொண்டே நிற்கும். ஓராண்டு பழகிய பிறகு முயன்று பாருங்கள். புதியவருக்கு, மோட்டாரைக் குறித்த நேரத்தில் ஓட்டி நிறுத்தும் டைமர் போதும்.

ஜல்லியை நிமிர்ந்த குழாயின் உச்சியைவிட நான்கைந்து சென்டிமீட்டர் உயரமாக நிரப்புங்கள். மேல் அடுக்கு எப்போதும் உலர்ந்தே இருக்க வேண்டும்; ஈரம் பட்டால் பாசி படரும், செடியின் தண்டு அழுகும்.

மோட்டார் வாங்கும்போது, பெட்டியின் மேல் அச்சிட்ட மணிக்கு இத்தனை லிட்டர் என்ற அளவு, உயரமே ஏற்றாதபோது கிடைக்கும் அளவு என்பதை நினைவில் வையுங்கள். மணிக்கு 2,000 லிட்டர் என்று போட்ட, 2 மீட்டருக்கு மேல் ஏற்றும் திறனுள்ள, 30 வாட் அளவிலான நீர்மூழ்கி மோட்டார் நம் அமைப்புக்கு ஏற்றது. கால் மணி நேரம் ஓடி, கால் மணி நேரம் நிற்கும்படி டைமரை வைத்தால், தொட்டி நீர் முழுவதும் மணிக்கு ஒரு தடவையாவது பாத்தி வழியே சுற்றி வந்துவிடும். மூன்று பாத்திகளுக்கும் தனித்தனி வால்வு வைத்து வரத்தைச் சமப்படுத்துங்கள். குழாய், வால்வு யாவும் பிளாஸ்டிக்கில் இருக்கட்டும். செம்பும் துத்தநாகப் பூச்சுள்ள இரும்பும் மீனுக்கு ஆகாது.

மோட்டாரைத் தொட்டியின் தரையில் வைக்காமல் ஒரு சாண் உயரத்தில் வையுங்கள். என் தொட்டியில் ஒரு நாள் இரவு மேல் குழாயின் எல்போ கழன்றுவிட்டது. விடிந்து பார்க்கும்போது முற்றமெல்லாம் சேறு. தொட்டியில் முழங்காலுக்கும் கீழே தண்ணீர்; அதில் முதுகுத் துடுப்பு தெரிய மீன்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. மோட்டார் அந்த ஒரு சாண் உயரத்தில் இருந்ததால்தான் அந்தத் தண்ணீராவது மிஞ்சியது.

மின்சாரமும் தண்ணீரும் அருகருகே இருக்கும் வேலை இது. மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் இ.எல்.சி.பி. உள்ள இணைப்பிலிருந்து மட்டுமே மின்சாரம் எடுங்கள். பிளக் மழை படாத உயரத்தில் இருக்கட்டும். தொட்டிக்குள் கைவிடும் முன் ஒவ்வொரு முறையும் சுவிட்சை அணைக்கும் பழக்கம் வேண்டும், குழந்தைகள் உள்ள வீட்டில் இன்னும் கவனமாக.

காற்று

தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. 30 பாகை வெப்பத்தில் நீர் தாங்கக்கூடிய உச்ச அளவே சுமார் 7.5 மில்லிகிராம்தான் என்பதால் கோடையில் நமக்கு அதிக இடமில்லை. ஆகவே மோட்டாரைத் தவிர, காற்றை நுண்குமிழிகளாக வெளிவிடும் இரண்டு ஏர் ஸ்டோன்களுடன் ஓர் ஏர் பம்ப் இரவும் பகலும் ஓட வேண்டும். காற்றடித்து மின்கம்பி அறுந்தால் மணிக்கணக்கில் மின்சாரம் வராத ஊர் நம்முடையது. பாலக்காட்டுக் கணவாயின் ஆடிக் காற்று அதற்கெல்லாம் நாள் பார்ப்பதில்லை. மின்சாரம் போனதும் பேட்டரியில் ஓடத் தொடங்கும் ஏர் பம்ப் வாங்குவது ஆடம்பரச் செலவு ஆகாது. மோட்டாரும் ஏர் பம்பும் சேர்ந்து மாதத்துக்கு 20 முதல் 25 யூனிட் வரை மின்சாரம் எடுக்கும்.

தண்ணீரைப் பழக்குதல்

என் முதல் தவறு இங்கேதான் நடந்தது. எல்லாம் பூட்டி முடித்த மூன்றாம் நாளே 40 குஞ்சுகளை வாங்கிவந்து விட்டேன். தண்ணீர் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது. ஒரு வாரம் மீன்கள் துள்ளித் திரிந்தன. ஒன்பதாம் நாள் விடியற்காலையில் அவை எல்லாம் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. செவுள்கள் சிவப்பு மாறிப் பழுப்பாகியிருந்தன. இரண்டு நாளில் ஒன்றும் மிஞ்சவில்லை. தண்ணீர் அப்போதும் தெளிவாகவே இருந்தது. அம்மோனியாவுக்கும் நைட்ரைட்டுக்கும் நிறமில்லை என்பதை அந்தக் குஞ்சுகள் எனக்குக் கற்றுத் தந்தன. அது இன்றும் மனதை உறுத்துகிறது.

ஆகவே மீனில்லாமல் நுண்ணுயிரை முதலில் வளர்க்க வேண்டும். தொட்டியை நிரப்பி, மோட்டாரையும் காற்றையும் ஓடவிடுங்கள். பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போவதற்காக இரண்டு நாள் காற்றோட்டத்துடன் திறந்து வைத்திருங்கள். பிறகு 10 கிராம் மீன் தீவனத்தைப் பொடித்து, மெல்லிய துணியில் முடிந்து தொட்டியில் தொங்கவிடுங்கள். நாள்தோறும் அதே அளவு சேர்த்து வாருங்கள். தீவனம் அழுகி அம்மோனியா உண்டாகும். நன்றாக ஓடும் மீன் தொட்டியிலிருந்தோ பழைய குளத்திலிருந்தோ ஒரு சட்டி கூழாங்கல் கிடைத்தால் பாத்தியில் கலந்துவிடுங்கள். தயிருக்கு உறை ஊற்றுவதுபோல வேலை விரைவாகும்.

அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.எச். ஆகிய நான்கையும் பார்க்கும் சோதனைப் பெட்டி ஒன்று கட்டாயம் வேண்டும். மீன் வளர்ப்புப் பொருள்கள் விற்கும் கடையில் கிடைக்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை சோதித்து நோட்டில் குறித்து வாருங்கள். முதல் வாரத்தில் அம்மோனியா ஏறும். லிட்டருக்கு 4 மில்லிகிராமைத் தாண்டினால் தீவனப் பொடியை நிறுத்திவையுங்கள். இரண்டாம் வாரத்துக்குப் பின் அம்மோனியா இறங்க, நைட்ரைட் ஏறும். பிறகு நைட்ரைட்டும் இறங்கி நைட்ரேட் தெரியத் தொடங்கும். தீவனம் போட்ட மறுநாளே அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியத்தை ஒட்டி நின்றால் தண்ணீர் பழகிவிட்டது என்று பொருள். நம் வெப்பநிலையில் இதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். இந்தக் காத்திருப்பைக் குறுக்க வழியே இல்லை.

கடின நீரை என்ன செய்வது

நம் ஆழ்துளைக் கிணற்று நீரின் பி.எச். பல வீடுகளில் 8ஐ ஒட்டியும் அதற்கு மேலும் இருக்கும். மீன், செடி, நுண்ணுயிர் மூன்றுக்கும் பொதுவாக ஒத்துப்போவது 6.5 முதல் 7 வரை. பி.எச். உயர்ந்தால் இரண்டு தொல்லைகள் வரும். முதலாவது, அம்மோனியாவின் நச்சு வடிவம் பெருகும். 30 பாகை வெப்பத்தில் பி.எச். 7 ஆக இருக்கும்போது மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு 1 பங்குக்கும் குறைவே நச்சு வடிவில் இருக்கும். 8 ஆகும்போது அது 7 பங்குக்கு மேல் போய்விடும். என் 40 குஞ்சுகளும் செத்ததில் இதற்கும் பங்குண்டு. இரண்டாவது, இரும்புச் சத்து கரையாமல் படிந்து, செடியின் இளந்தளிர் வெளுத்துப்போகும்.

இதற்காக அமிலத்தைக் கொட்ட வேண்டாம். கடின நீரில் உள்ள காரம் அமிலத்தை விழுங்கிவிட்டு மறுநாளே பழைய பி.எச்.க்குத் திரும்பும், அந்த ஏற்ற இறக்கம்தான் மீனைக் கொல்லும். கூரையில் விழும் மழைநீரைச் சேமித்துப் பாதிக்குப் பாதி கலப்பதே நான் கண்ட சிறந்த வழி. அத்துடன், அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் வேலையிலேயே நுண்ணுயிர்கள் நீரின் காரத்தன்மையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்கின்றன. அமைப்பு ஓட ஓட பி.எச். தானே இறங்கி வரும். என் தொட்டியில் 8.2இல் தொடங்கியது நான்கைந்து மாதத்தில் 7.2க்கு வந்து நின்றது. 6.5க்குக் கீழே போகத் தொடங்கினால் மட்டும், ஒரு கைப்பிடி கிளிஞ்சலைத் துணிப்பையில் கட்டித் தொட்டியில் தொங்கவிடுங்கள்.

எந்த மீன்

மலையாளத்தில் பிலோப்பி என்றும் நம் பேச்சில் ஜிலேபி என்றும் வழங்கும் திலாப்பியா, தொடக்கக்காரரின் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும் மீன். 1988இல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய தேர்வு இனப்பெருக்கத்தில் உருவான கிஃப்ட் வகை விரைந்து வளரும். அயல்நாட்டு மீன் என்பதால் திலாப்பியா வளர்ப்புக்கு அரசு விதிமுறைகள் உள்ளன. குஞ்சு வாங்கும் முன் மீன்வளத் துறையின் மத்ஸ்ய பவன் அலுவலகத்தில் கேட்டுத் தெளிவு பெறுங்கள், ஒரு குஞ்சைக்கூட வாய்க்காலிலோ ஏரியிலோ விடாதீர்கள். கேரளத்தில் அனபாஸ் என்றே பெயர் பரவிவிட்ட பனையேறிக் கெண்டை, மெதுவாகத்தான் வளரும். ஆனால் காற்றை நேராகவே சுவாசிக்கும் உறுப்பு அதற்கு உண்டு. மின்சாரம் அடிக்கடி போகும் வீட்டுக்கு அதையே நான் முதலில் சொல்வேன். தொட்டி மீது வலை இல்லாவிட்டால் அது ஊர்ந்து வெளியே போய்விடும். வரால் விலை போகும் மீன்தான், எனினும் சிறியதைப் பெரியது விழுங்கிவிடும் என்பதால் முதல் ஆண்டில் வேண்டாம். ஆப்பிரிக்கக் கெளுத்தி இந்தியாவில் தடை செய்யப்பட்டது. யார் மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். குஞ்சுகளை மலம்புழை, ஆழியாறு போன்ற இடங்களில் உள்ள அரசு மீன் குஞ்சுப் பண்ணைகளில் விசாரித்து வாங்குவது பாதுகாப்பானது.

எண்ணிக்கையை இப்படிக் கணக்கிடுங்கள். மூன்று பாத்திகளின் பரப்பு ஒன்றரைச் சதுர மீட்டர். அதற்குத் தாங்கும் தீவனம் நாளொன்றுக்கு 60 முதல் 75 கிராம். வளர்ந்த மீன் தன் எடையில் நூற்றுக்கு 2 பங்கு தின்னும் என்றால், 3 முதல் 4 கிலோ மீனுக்கு மேல் இந்தத் தொட்டியில் இருக்கக் கூடாது. 25 குஞ்சுகள் விட்டு, தலா 150 கிராமைத் தொட்டதும் பெரியவற்றைப் பிடித்துக்கொண்டே வந்தால் அளவு மீறாது.

குஞ்சுகளைக் கொண்டுவந்ததும் பையைப் பிரிக்காமல் கால் மணி நேரம் தொட்டி நீரில் மிதக்கவிடுங்கள். பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தம்ளர் வீதம் தொட்டி நீரைப் பைக்குள் ஊற்றுங்கள். அரை மணி நேரத்துக்குப் பின் மீனை மட்டும் வலையால் எடுத்து விட்டு, பை நீரை வெளியே கொட்டுங்கள். அன்று தீவனம் வேண்டாம்.

செடி நடுதல்

குஞ்சுகள் சிறியவையாக இருக்கும்போது தீவனம் நாளொன்றுக்கு 10, 12 கிராம்தான் செல்லும். ஆகவே முதல் இரண்டு மாதம் ஒரு பாத்தியில் மட்டும் நடுங்கள். தண்டுக்கீரை, அரைக்கீரை, பொன்னாங்கண்ணி, புதினா ஆகியவை மிக எளிதாக வரும். புதினாவும் பொன்னாங்கண்ணியும் தண்டைக் கிள்ளி ஜல்லியில் செருகினாலே வேர்விடும். மீன் வளர்ந்து தீவனம் கூடிய பிறகு தக்காளி, கத்தரி, மிளகாய் வைக்கலாம். நாற்றை மண்ணில் வளர்த்திருந்தால் வேரிலுள்ள மண்ணை நீரில் நன்றாக அலசிவிட்டு நடுங்கள். ஒவ்வொரு பாத்தியிலும் ஒரு கைப்பிடி மண்புழுவை விட்டால், ஜல்லி இடுக்கில் தங்கும் மீன் கழிவை அவை தின்று கரைத்துவிடும்.

மீன் தீவனத்தில் செடிக்குப் போதாதவை இரும்பும் பொட்டாசியமும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை லிட்டருக்கு 2 மில்லிகிராம் இரும்பு சேரும்படி கொடுக்க வேண்டும். இ.டி.டி.எச்.ஏ. வகை இரும்பு உரம் கடின நீரிலும் கரைந்தே நிற்கும். 6 சதவீத இரும்பு உள்ளதில் 17 கிராம் நம் தொட்டிக்குச் சரியாக இருக்கும். தண்ணீர் சில நாள் செந்நிறமாகத் தெரிவதைக் கண்டு அஞ்ச வேண்டாம். சாதாரண அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) கடின நீரில் துருவாகப் படிந்துவிடுவதால் பயனில்லை. இலையின் ஓரம் கருகினால் பொட்டாசியம் சல்பேட்டைச் சிறிது நீரில் கரைத்து இலைமேல் தெளிக்கலாம்.

பூச்சி வந்தால் கையை மட்டும் நம்புங்கள் என்றே சொல்வேன். பைரெத்ராய்டு மருந்துகள் மீனுக்குக் கொடிய நஞ்சு. சோப்புக் கரைசல் செவுளைக் கெடுக்கும். இயற்கை மருந்து என்று நாம் நம்பும் புகையிலைக் கரைசலும் மீனைக் கொல்லும். வேப்பெண்ணெயும் தொட்டியில் கலக்கக் கூடாது. மஞ்சள் ஒட்டும் அட்டை வெள்ளை ஈக்கும், பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற நுண்ணுயிர் மருந்து புழுவுக்கும் போதும்.

அன்றாட வேலை

காலையில் முதல் வேலை, தீவனப் பையை எடுக்கும் முன் ஐந்து நிமிடம் நின்று மீனைப் பார்ப்பது. கையின் நிழல் கண்டதும் விரைந்து மேலே வருகிறதா, ஒதுங்கி நிற்கிறதா, மேல்மட்டத்தில் வாய் பிளக்கிறதா என்று பாருங்கள். வாய் பிளந்தால் அன்று தீவனத்தை நிறுத்திவிட்டு, காற்றைக் கூட்டி, உடனே தண்ணீரைச் சோதியுங்கள். 30 சதவீத அளவு புரதமுள்ள மிதக்கும் தீவனத்தைக் காலையும் மாலையும் பத்து நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு போடுங்கள். மிஞ்சியதை வலையால் அள்ளி எடுத்துவிட வேண்டும். அசோலா கிடைத்தால் திலாப்பியா விரும்பித் தின்னும்; தீவனச் செலவும் சற்றுக் குறையும். அசோலாத் தொட்டிலில் கொசு முட்டையிடாதபடி நான்கு கப்பி மீன்களை விட்டு வையுங்கள். டெங்குக் காய்ச்சல் நம் ஊருக்குப் புதியதல்ல.

வாரம் ஒருமுறை மோட்டாரின் வலையைக் கழற்றிக் கழுவுங்கள். அதில் வழவழவென்று பழுப்பு நிறக் கூழ் ஒட்டியிருக்கும். அதை விரலால் வழித்து எடுத்து, வாழைக்குப் போடுங்கள். தொட்டியின் அடியில் படிந்த கழிவை ஒரு குழாயால் உறிஞ்சி இரண்டு குடம் வெளியேற்றினால் தண்ணீர் நாறாது. குறைந்த நீரை மழைநீராலோ, குளோரின் போகத் திறந்துவைத்த நீராலோ நிரப்புங்கள். சாதாரண நாளில் பத்து லிட்டர் குறையும். மார்கழி, தை மாதங்களில் கணவாய் வழியே வறண்ட கிழக்குக் காற்று வீசும்போது இன்னும் கூடும். சோதனையில் நைட்ரைட் 1 மில்லிகிராமைத் தாண்டினால், தீவனத்தை நிறுத்தி, நூறு லிட்டர் தண்ணீரை மாற்றி, கால் கிலோ கல்லுப்பைக் கரைத்து ஊற்றுங்கள். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் மீனின் ரத்தத்தில் ஏறாமல் தடுக்கும்.

கோடையில் 50 சதவீத நிழல் வலையைத் தொட்டிக்கும் பாத்திக்கும் மேலே இறுக்கிக் கட்டுங்கள். காற்று அதைப் பாய்மரமாக்கித் தூக்கிவிடும் என்பதால் நான்கு மூலைக்கும் கம்பம் நட்டு, நடுவிலும் கயிறு ஓட்ட வேண்டும். தொட்டிக்கு மேல் தனியாகக் கொசுவலையோ மீன்வலையோ போட்டால் மீன்கொத்தியும் பூனையும் அணுகாது. ஆடி மாதத்தில் மேகம் மூடிய நாட்களில் செடி மெதுவாகவே சத்தை உறிஞ்சும். அந்த நாட்களில் தீவனத்தைப் பாதியாகக் குறையுங்கள்.

ஆறு முதல் எட்டு மாதத்தில் திலாப்பியா குழம்புக்கு ஏற்ற அளவுக்கு வந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடித்துவிட்டால் செடிக்குச் சத்து நின்றுபோகும், நுண்ணுயிரும் பட்டினியில் குறைந்துவிடும். வாரத்துக்கு இரண்டு மூன்றாகப் பிடியுங்கள். பாதி குறைந்ததும் புதுக் குஞ்சுகளை ஒரு பழைய வலைத் தொட்டிலில் தனியே விட்டு, தொட்டியின் ஓரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். பெரிய மீன்களின் வாயில் அகப்படாத அளவுக்கு வளர்ந்த பின் வலையை அவிழ்த்துவிடலாம்.